ராய்டர் பணம்: செலவழிக்க அல்ல, சேர்த்துவைக்க அச்சான ஜெர்மன் நோட்டுகள்

இணைய ஏலங்களில் ஒரு வகை ஜெர்மன் நோட்டு அடிக்கடி கண்ணில் படுகிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. ஒரு பக்கம் ஊரின் தேவாலயக் கோபுரமோ சந்தைத் தெருவோ இருக்கும். மறுபக்கம் ஃப்ரிட்ஸ் ராய்டர் போன்ற ஓர் எழுத்தாளரின் வரிகள். தொகை 25 பென்னிக் அல்லது 50 பென்னிக் (ஜெர்மன் சில்லறை), ஆண்டு 1921 அல்லது 1922. விற்பவர் 'பணவீக்க காலத்து ஜெர்மன் நோட்டு' என்று எழுதியிருப்பார். படத்தைப் பகிர்பவர்களோ, கூடை நிறையப் பணம் கொண்டுபோய் ஒரு ரொட்டி வாங்கிய 1923-ஆம் ஆண்டுக் கதையையும் கூடவே ஒட்டிவிடுவார்கள்.

அந்தக் கதை உண்மைதான். ஆனால் அது இந்த நோட்டின் கதை இல்லை. கவிஞர்களும் இசைமேதைகளும் ஊர்ப் பெரியவர்களும் இடம்பெற்ற இந்தச் சிறு நோட்டுகள் பெரும்பாலும் யாரும் செலவழிக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு அச்சடிக்கப்பட்டவை. இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் விலையும் புரியாது, நோட்டும் புரியாது.

## பெயரிலேயே ஒரு குழப்பம்

இந்தப் பணத்துக்கு ஜெர்மன் மொழியில் 'நோட்கெல்ட்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு 'நோட்' என்றதும் ரூபாய் நோட்டு நினைவுக்கு வரும். இங்கே அதற்கு அந்தப் பொருள் இல்லை. ஜெர்மனில் 'நோட்' என்றால் தட்டுப்பாடு, நெருக்கடி, இக்கட்டு. 'கெல்ட்' என்றால் பணம். ஆக, நெருக்கடிகாலப் பணம்.

நாட்டின் மைய வங்கியான ரைஷ்ஸ்பாங்க் வெளியிடும் பணம் போதாமல் போனபோது நகராட்சிகள், மாவட்டங்கள், சேமிப்பு வங்கிகள், தொழிற்சாலைகள் எனப் பலரும் தாங்களே அச்சடித்து விட்ட சீட்டுகள் இவை. பல சீட்டுகளில் 'குட்ஷைன்' என்ற சொல் இருக்கும். 'இதைக் கொண்டு வருபவருக்கு இவ்வளவு தொகை தருவோம்' என்ற உறுதிச்சீட்டு என்று பொருள். நாணயத்தை வெளியிடும் உரிமை அரசுக்குரியது என்பதால், ஊர் நிர்வாகங்கள் தங்கள் தாளைப் பணம் என்று சொல்லாமல் உறுதிச்சீட்டு என்று சொல்லிக்கொண்டன. கணக்கு எளிது: 100 பென்னிக் சேர்ந்தால் ஒரு மார்க்.

## சில்லறை எங்கே போனது?

நம் ஊர்க் கடையில் சில்லறை இல்லையென்றால் மிட்டாய் கொடுத்துச் சமாளிப்பார்கள். அந்தத் தட்டுப்பாடு ஒரு நாடு முழுவதும் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதையின் தொடக்கம்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும், காகிதப் பணத்தைக் கொடுத்துத் தங்கம் பெற்றுக்கொள்ளும் வசதியை ஜெர்மனி நிறுத்தியது. மக்கள் பயந்துபோனார்கள். கையில் இருந்த தங்க, வெள்ளிக் காசுகளை வெளியே விடவில்லை. கூலி கொடுக்கவும் ரொட்டி வாங்கவும் சின்னக் காசு கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே பல ஊர்கள் முதல் நெருக்கடிச் சீட்டுகளை வெளியிட்டன. சில, அவசரத்தில் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்ட வெறும் அட்டைகள்.

போர் நீண்டதும் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. செம்பும் நிக்கலும் ஆயுத உற்பத்திக்குத் தேவைப்பட்டன. பழைய காசுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இரும்பிலும் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் அரசு காசு அடித்தது. அதுவும் போதவில்லை. 1916 முதல் 1919 வரை ஊர்கள் வெளியிட்ட 5, 10, 25, 50 பென்னிக் சீட்டுகள் இந்த ஓட்டையை அடைக்க வந்தவை. அவை உண்மையாகவே கைமாறின. மடிப்பும் அழுக்கும் கிழிசலுமாகத்தான் இன்றும் கிடைக்கின்றன.

## ஒரே பெயர், பல வகைப் பணம்

நோட்கெல்ட் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு காரணங்களுக்காகப் பிறந்த நோட்டுகள் இருக்கின்றன. கையில் இருப்பது எது என்று தெரிய, காலத்தையும் தொகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. 1914 சீட்டுகள். போர் தொடங்கிய பீதியில் வந்தவை. எளிய அச்சு.

2. 1916–1919 சில்லறைச் சீட்டுகள். உலோகத் தட்டுப்பாட்டால் வந்தவை. பென்னிக் தொகைகள்.

3. 1918 இறுதியின் பெரிய நோட்டுகள். போர் தோற்கும் நேரத்தில் மக்கள் பணத்தை எடுத்து வீட்டில் பதுக்கினார்கள். தேவைக்கேற்ப அச்சடிக்க ரைஷ்ஸ்பாங்கால் முடியவில்லை. 5, 10, 20, 50 மார்க் நோட்டுகளை ஊர்களே வெளியிட்டன.

4. 1920–1922 தொடர் நோட்டுகள். ஜெர்மனில் 'சீரியன்ஷைன'. பல வண்ணம், படக்கதை, கவிதை, ஊர் வரலாறு. இந்தக் கட்டுரை பேசுவது இவற்றைப் பற்றித்தான்.

5. 1922 இறுதி முதல் 1923 நவம்பர் வரையிலான பணவீக்க நோட்டுகள். ஆயிரம், லட்சம், கோடி, லட்சம் கோடி. அவசரத்தில் பல நோட்டுகள் ஒரு பக்கம் மட்டுமே அச்சாயின.

6. 1923 இறுதியின் மதிப்பு மாறாத நோட்டுகள். தங்க மார்க், டாலர் போன்றவற்றின் கணக்கில் தொகை எழுதியவை.

நான்காவது வகையும் ஐந்தாவது வகையும்தான் எப்போதும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. ஒன்று அழகுக்காகப் பிறந்தது, மற்றொன்று அழிவின் நடுவில் பிறந்தது.

## திரும்பி வராத நோட்டில் இருந்த வருமானம்

சில்லறைத் தட்டுப்பாடு தீர்ந்துவரும் நேரத்தில், 1920 முதல் வண்ண நோட்டுகள் ஏன் திடீரென்று பெருகின? காரணம், ஜெர்மனியில் இந்தச் சீட்டுகளைச் சேகரிக்கும் பழக்கம் அதற்குள் வேகமாகப் பரவிவிட்டது. வணிகர்கள் வந்தார்கள், ஆல்பங்கள் வந்தன, சேகரிப்பாளர்களுக்கென்றே இதழ்கள் வந்தன. ஊர் நிர்வாகங்கள் இதைக் கவனித்தன. கணக்கு இப்படித்தான் போகும்:

1. ஊர் ஒரு 50 பென்னிக் நோட்டை அச்சடிக்கிறது. அச்சுச் செலவு அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குதான்.

2. ஒருவர் 50 பென்னிக் கொடுத்து அதை வாங்குகிறார். ஊர்க் கருவூலத்தில் பணம் சேர்கிறது.

3. அந்த நோட்டு சந்தையில் சுற்றி ஒருநாள் நகராட்சிக்கே திரும்பி வந்தால் 50 பென்னிக் கொடுத்தாக வேண்டும். அதாவது ஒவ்வொரு நோட்டும் ஊருக்கு ஒரு சிறு கடன்.

4. வாங்கியவர் அதை ஆல்பத்தில் செருகிவிட்டால் நோட்டு திரும்பவே வராது. கடன் தானாக வருமானம் ஆகிவிடுகிறது.

அஞ்சல்தலையும் இதே போலத்தான். ஒட்டாமல் ஆல்பத்தில் வைக்கப்பட்ட தலைக்கு அஞ்சல் துறை எந்தக் கடிதத்தையும் சுமக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் கையில் காசில்லாமல் நின்ற சிறு ஊர்களுக்கு இது பெரிய உதவி.

இந்தக் கணக்கு புரிந்தால் தொடர் நோட்டின் விசித்திரங்கள் எல்லாம் புரியும். ஏன் ஆறு நோட்டு, எட்டு நோட்டு என்று ஒரே கதையைப் பிரித்து அச்சிட்டார்கள்? ஒன்று வாங்கியவர் மீதியையும் வாங்க வேண்டும் என்பதற்காக. ஏன் 75 பென்னிக் என்ற தொகை? கடையில் கொடுத்து வாங்க வசதியில்லாத தொகை அது. சேகரிப்பவரிடம் கூடுதலாகப் பெற வசதியான தொகை. ஏன் செல்லுபடிக் காலம் அவ்வளவு குறுகியது? சில நோட்டுகளில் குறிப்பிட்ட நாள், நோட்டு மக்கள் கைக்கு வருவதற்குள்ளேயே முடிந்துபோயிருந்தது. சில ஊர்கள் முழுத் தொகுதியையும் ஓர் அழகான உறையில் போட்டே விற்றன. உறையில் விற்கும் பணத்தை யாரும் மளிகைக் கடைக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.

இதை ஏமாற்று வேலை என்று சிலர் ஒதுக்குவது சரியில்லை என்பது என் எண்ணம். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் என்ன வியாபாரம் என்று தெரிந்தே நடந்தது. நமக்குக் கிடைத்தது வேறொரு நன்மை: சேகரிப்பவரைக் கவர வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால் ஒவ்வொரு ஊரும் 'எங்களிடம் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?' என்று தன்னையே கேட்டுக்கொண்டது. அந்தக் கேள்விக்கு எழுதிய பதில்கள்தான் இந்த நோட்டுகள்.

## ஊர் யாரை நினைத்தது?

1918 நவம்பர் 9 அன்று பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் பதவி விலகல் அறிவிக்கப்பட்டது. அதுவரை அரசுப் பொருள்களில் இருந்த முடியும் அரச முகமும் செல்லாமல் போயின. புதிய குடியரசுக்கு எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் முகம் இன்னும் இல்லை. அந்த வெற்றிடத்தில் ஊர்கள் தங்கள் சொந்த மனிதர்களைக் கொண்டுவந்து வைத்தன. ஜெர்மனில் 'ஹைமாட்' என்று ஒரு சொல் உண்டு. 'உங்களுக்குச் சொந்த ஊர் எது?' என்று நாம் கேட்கும்போது அந்தச் 'சொந்த ஊர்' என்பதில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் அந்தச் சொல்லில் இருக்கிறது. தொடர் நோட்டுகள் முழுக்க முழுக்க ஹைமாட்டின் தாள்கள்.

வைமர் நகரம் கவிஞர்கள் கெத்தேயையும் ஷில்லரையும் வைத்தது. இருவரும் வாழ்ந்து மறைந்த ஊர் அது. எர்ஃபர்ட் நகரம் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி லூதரை வைத்தது. அவர் துறவியாகச் சேர்ந்த மடம் அங்கேதான் இருக்கிறது. லூதர் பேரரசர் முன்னிலையில் வோர்ம்ஸ் நகரில் நின்றது 1521-இல். நோட்டு வெளிவந்த 1921-இல் அதன் நானூறாவது ஆண்டு. பான் நகரம் 1920-இல், பீத்தோவன் பிறந்து 150 ஆண்டு நிறைந்தபோது, அவர் தலையைத் தன் நெருக்கடிக் காசுகளில் பொறித்தது.

வேறு சில ஊர்கள் கதைகளில் வாழ்பவர்களைப் பிடித்துக்கொண்டன. ஹாமல்ன் ஊருக்கு எலிகளையும் பிறகு பிள்ளைகளையும் குழலூதி அழைத்துச் சென்றவன். மோல்ன் ஊருக்கு ஊர்ச்சுற்றிக் குறும்பன் டில் ஆய்லன்ஷ்பீகல். போடன்வெர்டர் ஊருக்குப் புளுகுக்குப் பேர்போன மியூன்ஷ்ஹவுசன் பிரபு. நவும்பர்க் ஊரோ, போஹீமியாவின் மதச் சீர்திருத்தக்காரர்களான ஹுஸ்ஸைட்டுகளின் படை முற்றுகையிட்டபோது பிள்ளைகள் போய்க் கெஞ்சி ஊரைக் காப்பாற்றியதாகச் சொல்லும் செர்ரிப்பழத் திருவிழாக் கதையை நிழலுருவப் படங்களாக அச்சிட்டது. அதை வரைந்த வால்டர் ஹேகே பின்னாளில் புகைப்படக் கலைஞராகப் புகழ்பெற்றார்.

தாளைத் தாண்டிப் போன ஊர்களும் உண்டு. லினன் நெசவுக்குப் பெயர்போன பீலஃபெல்ட் நகரச் சேமிப்பு வங்கி பட்டிலும் லினனிலும் நோட்டு அச்சடித்தது. ஓஸ்டர்வீக் ஊர் தோலில் அச்சடித்தது. மைசன் பீங்கான் ஆலை பழுப்பு நிறச் சுட்ட மண்ணில் காசு செய்தது. இவற்றில் முகமே தேவைப்படவில்லை. ஊரின் தொழிலே முகம்.

## எழுபது ஊர்கள், ஒரே எழுத்தாளர்

ஓர் எழுத்தாளருக்காக ஒரு பகுதி முழுவதும் சேர்ந்து நோட்டு வெளியிட்டது மெக்லென்பர்க்கில். ஜெர்மனியின் வடகிழக்கில், பால்டிக் கடலோரம், ஏரிகளும் வயல்களும் நிறைந்த நிலம். 1922-இல் அங்கே 70 ஊர்கள் ஒரே திட்டத்தில் இணைந்தன. ஒவ்வொரு ஊரும் 10, 25, 50 பென்னிக் என மூன்று நோட்டு. மொத்தம் 210. ஷ்வெரின், விஸ்மார் போன்ற நகரங்களும் இருந்தன, பெயர் அதிகம் கேள்விப்படாத சிற்றூர்களும் இருந்தன. இந்தத் தொகுதிக்கு 'ராய்டர்கெல்ட்' என்று பெயர்: ராய்டர் பணம்.

ஃப்ரிட்ஸ் ராய்டர் 1810 நவம்பர் 7 அன்று ஷ்டாவென்ஹாகன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அந்த ஊரின் மேயர், குடும்பம் நகர மன்றக் கட்டடத்திலேயே குடியிருந்தது. அதனால் பிள்ளை பிறந்ததும் நகர மன்றத்தில்தான். இன்று அதே கட்டடம் அவருடைய இலக்கிய அருங்காட்சியகமாக இருக்கிறது. (ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.)

யேனாவில் சட்டம் படிக்கப் போனவர், சிதறிக் கிடந்த ஜெர்மன் அரசுகள் ஒன்றாக வேண்டும் என்று பேசிய மாணவர் சங்கத்தில் சேர்ந்தார். கறுப்பு, சிவப்பு, பொன் அந்த இயக்கத்தின் நிறங்கள். 1833-இல் பெர்லினில் கைதானார். அந்த அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு அது 30 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. கோட்டை கோட்டையாக மாற்றி அடைக்கப்பட்டவர், கடைசியாக மெக்லென்பர்க்கிலேயே எல்பே ஆற்றங்கரை டோமிட்ஸ் கோட்டையில் இருந்தார். 1840-இல் விடுதலை. வாலிபத்தின் ஏழு ஆண்டுகள் போய்விட்டன.

படிப்பு பாதியில் நின்றது, குடிப்பழக்கம் தொற்றிக்கொண்டது. பண்ணைகளில் வேலை கற்றுக்கொண்டு, அப்புறம் ஆசிரியராகப் பிழைத்தார். எழுத்தாளராக அவர் பேர் வாங்கியது நாற்பது வயதைக் கடந்த பிறகுதான். அதுவும் பள்ளியில் சொல்லித்தரும் ஜெர்மனில் இல்லை. வடக்கே வயலிலும் சந்தையிலும் மக்கள் பேசிய 'பிளாட்' என்ற தாழ்நில ஜெர்மனில் எழுதினார். படித்தவர்கள் பேச்சுமொழி என்று ஒதுக்கியது அது. பண்ணைக் கூலிகளும் நிலக்கிழார்களும் மேற்பார்வையாளர்களும் அவரவர் பேச்சிலேயே அவர் பக்கங்களில் நடமாடினார்கள். ஜெர்மனி முழுவதும் வாசகர்கள் கிடைத்தார்கள். 1874-இல் ஐசனாக் நகரில் காலமானார்.

இப்போது அந்த நோட்டுகளைத் திரும்பப் பார்க்கலாம். மூன்று விஷயங்கள் தெரியும்.

முதலாவது, மொழி. ஒரு பணத்தாளில் ஊர்ப் பேச்சுமொழியை அச்சிடுவது சாதாரண விஷயம் இல்லை. பணத்தின் மொழி என்றால் ஆணையின் மொழி, சட்டத்தின் மொழி. ராய்டர் நோட்டில் தாழ்நில ஜெர்மன் வரிகள் வருகின்றன. பள்ளிக்கூடம் திருத்திக்கொண்டே இருந்த மொழியை ஊர் நிர்வாகம் தன் பெயரில் வெளியிட்டது. பேச்சு வழக்கில் எழுதலாமா கூடாதா என்று வாதிட்டுப் பழகிய தமிழ் வாசகருக்கு இதன் கனம் உடனே புரியும்.

இரண்டாவது, இடம். அவர் பிறந்த ஷ்டாவென்ஹாகனும் நோட்டு வெளியிட்டது. அவர் கைதியாக இருந்த டோமிட்ஸும் வெளியிட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டு இடைவெளியில், ஒருவரைப் பூட்டிவைத்த ஊர் அவர் பெயரைத் தன் தாளில் போட்டுப் பெருமைப்பட்டது. இவ்விரு ஊர் நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு வாழ்க்கை வரலாறு கிடைத்துவிடும்.

மூன்றாவது, காலம். ராய்டர் எந்த நிறங்களுக்காக மரண தண்டனை பெற்றாரோ அந்தக் கறுப்பு, சிவப்பு, பொன் 1919-இல் ஜெர்மன் குடியரசின் கொடியாகிவிட்டது. மூன்றே ஆண்டில் இந்த நோட்டுகள் வந்தன. ஆனாலும் அவரைக் கொண்டாடிய ஊர்களில் பலருக்கு அவர் கலகக்காரர் அல்லர். சிரிக்கவைக்கும் ஊர்க் கதைசொல்லி. நோட்டு எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

## அழகான நோட்டில் வெறுப்பும் இருக்கிறது

சேகரிப்பவர்கள் சிலர் இதைப் பேச விரும்புவதில்லை. பேசத்தான் வேண்டும். 'எங்கள் ஊர்' என்று சொல்லும்போதே 'நீ எங்கள் ஊரா?' என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டு வரும். தொடர் நோட்டுகளில் யூதர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்தவை உண்டு. இடைக்காலத்தில் யூதர்கள்மேல் சுமத்தப்பட்ட பொய்க் குற்றச்சாட்டுகளை ஊர்ப் பெருமைபோல அச்சிட்டவையும் உண்டு. பணவீக்கம் முடிந்த பிறகு, செல்லாத பழைய நோட்டுகளின் வெற்றுப் பக்கத்தில் யூத வெறுப்புப் பிரசுரம் அச்சடித்து விநியோகித்தார்கள். போரில் இழந்த நிலத்துக்காகப் பொருமும் நோட்டுகளும் நிறைய. 1920-இல் ஷ்லெஸ்விக் பகுதியில் டென்மார்க்கா ஜெர்மனியா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, அங்கத்திய ஊர்களின் நோட்டுகளே பிரசாரத் தாள்களாகின. இத்தகையவற்றை ஆல்பத்தில் வைப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. வைத்தால் பக்கத்தில் அது என்ன என்று நாலு வரி எழுதி வைப்பது அவசியம். குறிப்பில்லாமல் வைக்கும்போது வெறுப்பு அலங்காரமாகிவிடுகிறது.

## 1922 தடையும் 1923 வெள்ளமும்

சேகரிப்பாளருக்காக மட்டுமே அச்சாகும் 'பணம்' இவ்வளவு பெருகியதை அரசு நெடுநாள் பொறுக்கவில்லை. 1922 ஜூலை 17 அன்று வந்த சட்டம் நெருக்கடிப் பணத்தை ஊர்கள் தம் போக்கில் வெளியிடுவதைத் தடுத்தது. தொடர் நோட்டுகளின் காலம் அதோடு முடிந்தது.

அதற்குள் மார்க்கின் மதிப்பு சரிந்துகொண்டிருந்தது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றின. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குக் கொடுக்க அரசு மேலும் மேலும் பணம் அச்சடித்தது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.20 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். மறுபடியும் தாள் போதாமல், ஊர்களும் ஆலைகளும் மறுபடியும் அச்சடித்தன. இம்முறை அது உண்மையான நெருக்கடி. 1923 நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க்.

இரண்டு காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே ஊரில் பார்க்கலாம். முதலில் கெத்தேயும் ஷில்லரும் இருந்த வைமர் நோட்டுகள். பிறகு 1923-இல், அதே வைமரில் பவ்ஹவுஸ் கலைப்பள்ளி மாணவராக இருந்த ஹெர்பர்ட் பேயர் துரிங்கியா மாநில வங்கிக்காக வடிவமைத்த நோட்டுகள். வயது 23. முகம் இல்லை, கோபுரம் இல்லை, கவிதை இல்லை. தடித்த எளிய எழுத்தில் பத்து லட்சம், இருபது லட்சம் என்ற தொகை மட்டும். காலையில் அச்சடித்தது மாலையில் மதிப்பிழக்கும் நேரத்தில் கவிஞருக்கு நோட்டில் இடம் இருக்கவில்லை.

எண்களில் ஒரு கவனம் தேவை. ஜெர்மனில் 'மில்லியார்டே' என்றால் நூறு கோடி. 'பில்லியோன்' என்றால் லட்சம் கோடி. ஆங்கில வழக்கின் பில்லியன் என்று நினைத்துப் படித்தால் ஆயிரம் மடங்கு தவறும்.

## வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. ஊர்ப் பெயர். பழைய முறிந்த எழுத்துவகையான ஃபிராக்டூரில் இருக்கும். அதில் 's' எழுத்து 'f' போலத் தோன்றும். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. ஆற்றின் பெயரோ மாவட்டத்தின் பெயரோ கூடவே இருக்கும்.

2. செல்லுபடி நாள். 'கில்டிக் பிஸ்' என்றால் 'இதுவரை செல்லும்'. வெளியீட்டு நாளுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி சின்னதாக இருந்தால் அது சேகரிப்பாளருக்காக வந்தது என்று ஊகிக்கலாம்.

3. கூடுதல் அச்சு. 'என்ட்வெர்டெட்' என்றால் செல்லாததாக்கப்பட்டது. 'முஸ்டர்' என்றால் மாதிரி.

4. தொகுதி முழுமை. ஆறில் ஐந்து இருக்கும் தொகுதி மலிவாகக் கிடைக்கும். விடுபட்ட ஒன்றைத் தேடுவதற்கு, முழுத் தொகுதியை வாங்கும் செலவைவிட அதிகம் ஆகிவிடலாம்.

5. பட்டியல் எண். தொடர் நோட்டுகளுக்குக் கிராபோவ்ஸ்கி, மேல் (Mehl) என்ற இருவர் தொகுத்த பட்டியலின் எண்ணைத்தான் விற்பவர்கள் இன்று பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். எண் சொல்லாமல் 'மிக அரிது' என்று மட்டும் சொன்னால் நிதானம் தேவை.

6. தாளின் வயது. புற ஊதா விளக்கில் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும் தாள் 1921-ஆம் ஆண்டுத் தாள் ஆகாது. அந்த வெண்மையூட்டும் பொருள் தாளில் சேர்க்கப்பட்டது பின்னாளில்தான். மலிவான தொடர் நோட்டை யாரும் சிரமப்பட்டுப் போலி செய்வதில்லை. பட்டு, தோல், பேயர் நோட்டு என்றால் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணத் தொடர் நோட்டு ஓரிரு யூரோவுக்கே கிடைக்கிறது. நூறு வயதான, கசங்காத, பல வண்ணத் தாள் ஏன் இவ்வளவு மலிவு? மேலே பார்த்த கணக்கின் மறுபக்கம்தான் இது. பத்திரப்படுத்தவே அச்சானதால் பத்திரமாகவே நிறைய மிஞ்சியிருக்கிறது. நேர்மாறாக, 1914-இல் ஏதோ ஒரு ஆலை அவசரத்தில் முத்திரை குத்திய அழகற்ற அட்டை, கைமாறிக் கைமாறி அழிந்துபோனதால், பல மடங்கு விலை போகலாம். முதலீடு என்று நினைத்து ராய்டர் நோட்டு வாங்குபவர் ஏமாறுவார். படிக்க வாங்குபவருக்கு இதைவிட மலிவான வரலாறு கிடைப்பது கடினம்.

## நம் வெயிலிலும் ஈரத்திலும்

போர்க்காலத்துக்குப் பிந்தைய ஜெர்மன் தாள் தரம் குறைந்தது. மரக்கூழில் அமிலம் அதிகம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வைத்துப் பாதுகாப்பவருக்கு இது கூடுதல் சிரமம். மழைக்கால ஈரத்தில் பழுப்புப் புள்ளி விழும், ராமபாணப் பூச்சி ஓரத்தை அரிக்கும். லேமினேஷன் செய்வது நோட்டைக் கொல்வதற்குச் சமம். மறுபடி பிரிக்க முடியாது. மலிவான பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, சிலிக்கா பொட்டலம், நிலத்தை ஒட்டாத அலமாரி – இவ்வளவு போதும். மாதம் ஒருமுறை திறந்து காற்றோட்டம் கொடுக்க வேண்டும். பட்டு நோட்டை மடிக்கக் கூடாது. மடிப்பில் இழை அறுந்துவிடும்.

ராய்டர் தொகுதியைத் தொடங்க நினைப்பவர் 210-ஐயும் ஒரே நேரத்தில் தேட வேண்டியதில்லை. ஷ்டாவென்ஹாகனின் மூன்று, டோமிட்ஸின் மூன்று என்று ஆறு நோட்டு போதும். மெக்லென்பர்க் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து இரண்டு ஊர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்க வரிகளை ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தெற்கு ஜெர்மனியில் வளர்ந்தவராக இருந்தால் அவரும் ஒரு நிமிடம் திணறிவிட்டு, வாய்விட்டு மெதுவாகப் படித்துப் பார்த்துத்தான் பொருள் சொல்வார்.